கரப்பான் உள்ள குழந்தைக்கு ஈரப்பதக் களிம்பு: எவ்வளவு, எப்போது, எதுவரை?

கன்னத்திலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் தோல் வறண்டு சிவந்து, அரிப்பால் குழந்தை இரவில் உறங்காமல் தவிக்கும் நிலையை நாம் கரப்பான் என்கிறோம். மருத்துவத்தில் இதன் பெயர் அட்டோபிக் எக்சிமா. இது தொற்றுநோய் அன்று. இரத்தம் கெட்டதால் வருவதும் அன்று. இக்குழந்தைகளின் தோலில் நீரை உள்ளே காத்து வைக்கும் மேலடுக்கு வலுவிழந்திருக்கிறது. அதனால் ஈரம் வெளியேறுகிறது. சோப்பும் தூசும் கிருமியும் எளிதில் உட்புகுந்து அழற்சியைத் தூண்டுகின்றன. ஈரப்பதக் களிம்பு (மாய்ஸ்சரைசர்) அந்த மேலடுக்குக்குத் துணை நிற்கிறது. ஆகவே தோல் தெளிவாகத் தோன்றும் நாளிலும் அதைப் பூச வேண்டும். சிவப்பு மறைந்தவுடன் நிறுத்துவதே நோய் அடிக்கடி திரும்புவதற்கு முக்கியக் காரணம்.

எவ்வளவு பூச வேண்டும்?

"களிம்பு பூசினோம், கேட்கவில்லை" என்று கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பெற்றோர் பலர் கூறுவர். குழாயைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஒரு மாதத்திற்கு முன் வாங்கியது பாதி மீந்திருக்கும். உடல் முழுவதும் வறட்சியுள்ள குழந்தைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். 50 கிராம் குழாய் இரண்டு நாளுக்குக்கூடப் போதாது. விலையுயர்ந்த நறுமணக் களிம்பைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மணம் சேர்க்காத வெள்ளை பாரஃபின் போன்ற எளிய களிம்பைத் தாராளமாகப் பூசுவதே பயன்தரும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி முடியுங்கள். நாரோ கடலை மாவோ கொண்டு தேய்க்க வேண்டா. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலருமுன், ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள், முடி வளரும் திசையில் மென்மையாகப் பூசுங்கள். நாளில் இன்னும் ஒரு முறையேனும் பூச வேண்டும். கத்திரி வெயிலில் கெட்டியான களிம்பு வியர்வையையும் அரிப்பையும் கூட்டினால், பகலில் இலேசான கிரீமுக்கு மாறலாம்.

மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு வேறு. அது சிவந்த இடத்திற்கு மட்டும், சொன்ன நாள்கள் மட்டும். இரண்டையும் கலக்காமல், இடையே அரை மணி நேரம் விடுங்கள். அச்சத்தால் அதை முற்றிலும் தவிர்ப்பதும், மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் பூசுவதும் ஒரே அளவு தவறு.

வீட்டு எண்ணெய் போதாதா?

நிலக்கடலை நம் வட்டாரப் பயிர். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வீட்டில் எப்போதும் இருக்கும். ஆயினும் கரப்பான் உள்ள தோலில் அதைப் பூசாதீர்கள். அழற்சியுற்ற தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை மிகுந்திருந்ததை 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. உண்பது வேறு, வெடித்த தோல் வழியே உட்புகுவது வேறு. தேங்காய் எண்ணெய் அதைவிட ஏற்றது. இலேசான, நடுத்தரமான கரப்பானில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்ததாகப் பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு கண்டறிந்தது. களிம்பு வாங்க இயலாத வாரத்தில் எதுவும் பூசாமல் விடுவதைவிட அதைப் பூசலாம். எரிச்சல் கண்டால் நிறுத்திவிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இரண்டு

களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் அது முழுதும் நீங்குவதில்லை. கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கு, மத்தாப்பு ஆகியவற்றின் அருகே குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

கரப்பான் உள்ள இடத்தில் வலியுடன் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள் திடீரெனத் தோன்றிக் காய்ச்சலும் வந்தால், அம்மை எனக் கருதி வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்க வேண்டா. அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கக்கூடும். கண்ணையும் உயிரையும் பாதிக்கலாம். அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சீழோ மஞ்சள் பொருக்கோ கண்டாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். செல்லும்போது இதுவரை பூசிய எல்லாக் குழாய்களையும் டப்பாக்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.