இருபக்கத்து அறம்: இலியத்தும் கான்சாகிபு சண்டையும்

பகைவனைப் பழித்துத் தம்மவரைப் புகழ்வதே போர்ப்பாட்டின் இயல்பெனக் கருதுவார் உளர். அக்கருத்து முற்றும் பொருந்தாமையை இரு நூல்கொண்டு ஈண்டு விளக்க முயல்கின்றோம். ஒன்று ஓமரின் இலியத்து, மற்றொன்று நா. வானமாமலை பதிப்பித்து 1972-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கான்சாகிபு சண்டை.

இலியத்து கிரேக்க மொழிக் காப்பியம். எனினும் அது கிரேக்கரின் வெற்றியோடு முடியாமல், பகைவனாகிய திராய் நகர வீரன் எக்தரின் ஈமச்சடங்கோடு முடிகின்றது. எக்தரின் உடலைத் தேரிற் பிணித்திழுத்த கிரேக்க வீரன் அக்கிலிசின் செயலை அப்பல்லோ தேவன் கண்டிக்கின்றான். பின்னர், மகனுடலை வேண்டிவந்த முதியோன் பிரியாமுடன் அக்கிலிசு ஒருங்கிருந்து அழுகின்றான். வீரத்தை மறையாத புலவர் கொடுமையையும் மறைத்திலர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வாசுதேவநல்லூர்க் கோட்டை நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்குரியது. கும்பினிப் படைத்தலைவன் யூசுபுகான், அதாவது கான்சாகிபு, அதனைத் தாக்கித் தோற்றான், 1761-இல் கைப்பற்றினான். முன்னர்ப் பூலித்தேவரோடு நின்ற திருவாங்கூர் அரசு 1759-இலேயே கான்சாகிபுவோடு சேர்ந்துவிட்டது. ஆகவே பக்கம் என்பதே நிலையற்றதாயிற்று.

வாசுதேவநல்லூரார்க்குப் பகைவனாகிய அவனே 1763-இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியையும் கும்பினியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றான். நெடுநாள் முற்றுகைக்குப்பின் தன் ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டான். அவன் வீரத்தையும் வீழ்ச்சியையுமே கதைப்பாடல் பொருளாகக் கொண்டது.

இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இலியத்தில் ஒரே களத்தில் இருதிறத்தாரும் நம் இரக்கத்தைப் பெறுகின்றனர். இங்கோ ஒரே மனிதன் இருவேறு காலத்தில் இருவேறு பக்கத்தில் நிற்கின்றான். அவனைத் துரோகி என்று மட்டும் கூறின் 1764 மறைகின்றது. வீரன் என்று மட்டும் கூறின் 1761 மறைகின்றது.

இதனால் இருபக்கமும் ஒன்றே என்பது எம் கருத்தன்று. தன் மண்ணைக் காக்க நின்றவனும் அதனைக் கவர வந்தவனும் ஒருநிகராகார். ஆயின் தீர்ப்பு செயலைப் பற்றியது. இரக்கம் மனிதனைப் பற்றியது. தீர்ப்பைத் தளர்த்தாமலே இரங்கக் கற்பிப்பது போர்க்காப்பியம். வாசுதேவநல்லூரின் சிதைந்த கோட்டையை எண்ணுவோர் பூலித்தேவரைப் போற்றுவது முறையே. மதுரையில் மாண்டவனுக்காக ஒருகணம் இரங்குதலும் அம்முறைக்கு மாறாகாது என்க.