சைக்கிளைப் பிரிக்கலாம், வாருங்கள்!

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் நாமே மாற்றிவிடுகிறோம். குக்கர் ரப்பர் தளர்ந்தால் அடுத்த வீட்டாரையா கூப்பிடுகிறோம்? ஆனால் சைக்கிளில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், “கடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்” என்று ஒதுங்கிவிடுகிறோம்!

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்று பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு அரசாங்கமே சைக்கிள் தருகிறது. ஓட்டத் தெரிந்தாயிற்று, பாதி வழியில் செயின் கழன்றால் அவள் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? வீட்டில் ஒருமுறை பிரித்துப் பார்த்தவளுக்கு அந்தக் கவலை இல்லை.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு ஸ்பேனர் செட், சின்னதும் பெரியதுமாக இரண்டு திருப்புளி, ஒரு குறடு, ஒரு ஜோடி டயர் லீவர், கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் எண்ணெய், பழைய துணி. கழுவுவதற்கு ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயோ டீசலோ போதும். இவற்றை அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

பின்சக்கர நட்டுக்கும் பெடலுக்கும் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். அளவு சரியாக இல்லாமல் குறடால் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனருக்கும் அது பிடி கொடுக்காது. டயரைக் கழற்ற ஸ்பூன் காம்பை நுழைப்பதும் வேண்டாம். டியூப் கிள்ளப்பட்டு, ஒரு பஞ்சர் இரண்டாகிவிடும்!

இடது பெடலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதன் மரை தலைகீழ். வலது பெடலை வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். இடது பெடலைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் பலத்தைக் காட்டினால் அது இன்னும் இறுகத்தான் செய்யும்.

கியர் இல்லாத சைக்கிளின் செயினில் ஒரு கண்ணிக்கு மட்டும் மீன் வடிவில் சின்ன கிளிப் இருக்கும். அதைக் குறடால் மெல்ல நெம்பினால் செயின் பிரிந்துவிடும். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு நடுவில் விரலால் அசைத்துப் பாருங்கள். அரை அங்குலம் ஆடினால் சரி.

சக்கரத்தின் அச்சைப் பிரிக்கிறவர்கள் அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உள்ளேயிருந்து பால்ரஸ் குண்டுகள் முத்துப்போல் உதிரும். சாதாரணமாக முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9. எண்ணி, இரு பக்கத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வைத்தால், மாட்டும்போது கடைசியிலிருந்து தொடங்கினால் போதும். அச்சின் கோனை இறுக்க மட்டும் மெல்லிய கோன் ஸ்பேனர் ஒன்று தனியாக வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும் என்பதில்லை. ஃப்ரீவீலுக்கும் கிராங்கின் நடு அச்சுக்கும் தனிக் கருவிகள் உண்டு. காட்டர் பின்னைச் சுத்தியலால் கண்டபடி தட்டினால் அதன் மரை நசுங்கிவிடும். கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோணலை எடுப்பதும் பழகிய கைக்கு உரிய வேலை. இவற்றைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

பூட்டி முடித்ததும் பிள்ளையிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். சக்கர நட்டுகள் இரு பக்கமும் இறுகியிருக்கின்றனவா, ஹாண்டில்பார் ஆடாமல் நிற்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். தெருவில் நாலடி தள்ளிக்கொண்டு போய்ப் பிரேக்கை அழுத்துங்கள். சக்கரம் சட்டென்று நின்றால், தாராளமாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்.