வீட்டுக்குள் வந்த இயந்திரமும் நம் கடைச் சரக்கும்

எந்தச் சரக்கு ஓடும், எது தேங்கும் என்பதை மொத்த வியாபாரியும் கம்பெனிப் பிரதிநிதியும் சொல்லக் கேட்டுத்தான் நம்மில் பலர் கொள்முதல் செய்கிறோம். உண்மையில் அதை முடிவு செய்வது வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையும் கூடமும்தான். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்தால் நம் கடையில் ஒரு மூட்டை குறைகிறது. வேறொரு மூட்டை கூடுகிறது. இதை உரிய காலத்தில் உணராமல் நாம் கைப்பொருளை இழந்த அனுபவமும் உண்டு. அது மற்ற வணிகர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

ஆட்டுக்கல் இருந்த காலத்தில் பல வீடுகளில் இட்லி என்பது பண்டிகை நாள் பலகாரம். ஊற வைத்த அரிசியையும் உளுந்தையும் கையால் ஆட்டி எடுப்பதற்குள் தோள் இற்றுவிடும். கோவையில் உருவாகிப் பரவிய மின்சாரக் கிரைண்டர் அந்தப் பாட்டைத் தீர்த்தது. அடுத்து பிரிட்ஜ் வந்தது. மாவைப் புளிக்க வைப்பவை அதில் இயற்கையாகவே வளரும் நுண்ணுயிர்கள். நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவிலேயே பொங்கிவிடும் மாவு, குளிரில் வைத்தால் மிக மெதுவாகத்தான் புளிக்கும். ஆகவே ஒரு நாள் ஆட்டினால் மூன்று, நான்கு நாட்களுக்குப் போதும் என்றாயிற்று.

பலகாரம் அன்றாடச் சாப்பாடாக மாறியது. கால் கிலோ உளுந்து வாங்கியவர்கள் இரண்டு கிலோ வாங்கினார்கள். இட்லி அரிசிக்கென்று தனி மூட்டை அவிழ்க்க வேண்டியதாயிற்று. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, அதுவரை இவற்றை வாங்க இயலாத குடும்பங்களுக்கும் இந்த மாற்றம் சென்று சேர்ந்தது.

டி.வி. மாற்றிய கடை நேரம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. டி.வி. வீடுகளில் பரவியபோது நம் கல்லாவின் நேரமும் மாறியது. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்திலும், ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்பட நேரத்திலும் கடை வெறிச்சோடும். முடிந்ததும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்த கடைக்காரர் பிழைத்தார்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. முன்பெல்லாம் "நல்ல சோப்பாக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டவர்கள், விளம்பரத்தில் பார்த்த பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அந்தப் பாக்கெட்டுகளும் டி.வி. விளம்பரமும் சேர்ந்துதான் நம் கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கின. எதை வாங்குவது என்று யோசனை சொல்லும் இடத்தில் அதுவரை நாம் இருந்தோம். அதன் பின் அந்த இடத்தில் டி.வி. வந்து உட்கார்ந்துகொண்டது.

மாவுப் பாக்கெட்டும் நம் நஷ்டமும்

பிறகு கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பெருகின. வீட்டில் கிரைண்டர் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து ஆட்டுவதற்கு நேரம்தான் இல்லை. "மாவு பாக்கெட் இருக்கா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டபோது நாம் சிரித்தோம். கிரைண்டர் இல்லாத வீடே இல்லாதபோது, மாவை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது நம் கணக்கு. பக்கத்துத் தெருக் கடையில் மாவு வாங்கப் போனவர்கள் அப்படியே பருப்பும் எண்ணெயும் அங்கேயே வாங்கியபோதுதான் கணக்குத் தப்பு என்று புரிந்தது.

அதன் பின் நாமும் மாவு வைத்தோம். வைத்ததும் ஒரு தவறு செய்தோம். மின் கட்டணம் மிச்சமாகட்டும் என்று இரவில் கடை சாத்தும்போது கூல்டிரிங்ஸ் பெட்டியை அணைத்துவிட்டுப் போவது நம் பழக்கம். குளிர்பானத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. மாவு அப்படிப்பட்டதல்ல. குளிர் விட்டதும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு வாயுவையும் புளிப்பையும் உண்டாக்கின. காலையில் திறந்தால் பாக்கெட்டுகள் பலூன் போல உப்பியிருந்தன. உப்பாதவற்றை நல்லவை என்று எண்ணி விற்றோம்.

பல ஆண்டுகளாக நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்த ஓர் அம்மா மறுநாள் வந்து, "என்னப்பா, உங்க கடையை நம்பி வாங்கினேன், வாயில வைக்க முடியலையே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் அவர் வீட்டுச் சிட்டை நம் கடைக்கு வரவில்லை. மாவில் போனது சில நூறு ரூபாய். அந்தச் சிட்டையில் போனதை இன்று வரை நாம் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

மாவு, பால், தயிர் வைக்கும் பெட்டியை இரவிலும் அணைக்கக் கூடாது. உள்ளே சிறு வெப்பமானி ஒன்றை வைத்து, 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று ஓட இடமில்லாமல் அடுக்கினால் நடுவில் உள்ளவை குளிராது. மின்வெட்டின்போது கதவைத் திறந்து திறந்து மூடக் கூடாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பாக்கெட்டில் தயாரித்த தேதியும், உபயோகிக்க வேண்டிய கெடுவும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்தே இறக்க வேண்டும். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி மாவு போடுபவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

சில்லரையில் இட்லி அரிசி விற்பனை குறைந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. வீடுகள் ஆட்டாத மாவை யாரோ ஒருவர் ஆட்டித்தான் ஆக வேண்டும். ஊரில் மாவு அரைத்து விற்பவர்களுக்கு அரிசியும் உளுந்தும் மூட்டைக் கணக்கில் கொடுக்கும் வாய்ப்பு நமக்கே உண்டு.

இன்று டி.வி.யின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. நினைத்த நேரத்தில் படம் பார்க்கிறார்கள். ஆகவே நிகழ்ச்சி முடிந்து வரும் கூட்டம் என்பது இல்லை. வேலை விட்டு வரும் மாலை நேரக் கூட்டம்தான் உண்டு. சிட்டை வாட்ஸ்அப்பில் வருகிறது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணமும் கைப்பேசியிலேயே வருகிறது. அடுத்து எந்த இயந்திரம் வீட்டுக்குள் நுழையும் என்று நாம் முன்கூட்டியே அறிய முடியாது. ஆனால் அது நுழைந்தவுடன் அறியும் வழி நம்மிடம் உண்டு. சரக்கை நிறுத்துக் கொடுக்கும்போதே, "வீட்டில் இப்போது என்ன சமைக்கிறீர்கள், எதைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை?" என்று இரண்டு வார்த்தை கேட்டால் போதும். நம் கடையில் இல்லாத ஒன்றை வாடிக்கையாளர் கேட்டால், அதைக் கல்லாப்பெட்டி அருகில் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் கொள்முதல் செய்வோம். அன்று மாவு கேட்டவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் எழுதி வைத்திருந்தால், அந்த வியாபாரம் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்காது.