கல்லும் பெயரும்

தமிழகத்துச் சிற்றூர்களின் புறத்தே நிமிர்ந்து நிற்கும் பழங்கற்களை நம்முள் முதியோர் பலர் கண்டிருப்பர். ஆநிரைப் பூசலில் உயிர் நீத்த வீரனுக்கு ஊரார் எடுத்த அக்கற்களை நடுகல் என்பர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்த நடுகற்கள் 2000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்றில் மாண்டவன் பெயரோடு, பூசல் நிகழ்ந்த கூடல் என்னும் ஊரின் பெயரும் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆளை மறவாதிருக்க வேண்டுமாயின் ஊரையும் மறவாதிருத்தல் வேண்டும் என்று அந்நாளையோர் எண்ணினர் போலும்.

கடல் கடந்து அந்தமானில் குடியேறிய நமக்கு இத்தகைய கற்கள் வாய்க்கவில்லை. இத்தீவுகளின் தொல்குடிகள் தம் வரலாற்றைக் கல்லில் எழுதி வைத்தாரல்லர். தென் அந்தமானில் சௌல்தாரி போன்ற இடங்களில் அவர்கள் உண்டு எறிந்த சிப்பிகள் மேடாய்க் குவிந்து கிடக்கின்றன. சௌல்தாரி மேட்டின் அகவை 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என ஆய்வு காட்டுகின்றது.

எனினும் ஒரு கல் நம் தீவுகளைப் பேசுகின்றது. அஃது இருப்பது தஞ்சைப் பெரிய கோயிலில். கி.பி. 1025-ஐ ஒட்டி முதலாம் இராசேந்திரன் நிகழ்த்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை அக்கல்வெட்டு அடுக்கிக் கூறுகின்றது. அவற்றுள் மாநக்கவாரமும் ஒன்று. இன்றைய நிக்கோபாரே அந்த நக்கவாரம்.

கல் இல்லாத இடத்தில் பெயரே நடுகல்லாகி நிற்கின்றது. 1921-இல் மலபாரில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் இங்குக் கைதிகளாய்க் கொணரப்பட்ட மாப்பிளைமார், பின்னர்த் தம் குடும்பத்தோடு குடியமர்ந்து, தாம் பிரிந்த ஊர்களின் பெயரையே புது மண்ணுக்கு இட்டனர். தென் அந்தமானின் மஞ்சேரி, திரூர், வண்டூர் என்னும் பெயர்களைக் கேட்போர்க்கு அவர்தம் ஏக்கம் இன்றும் விளங்கும். 1925-இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் அருகே வேபி என்னும் சிற்றூரை அமைத்தனர். ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு பயணத்தின் முடிவைக் குறிக்கின்றது.

ஆள்வோரும் பெயர் இடுவர், மாற்றுவர். 1789-இல் இங்குக் குடியேற்றம் அமைத்த ஆர்ச்சிபால்டு பிளேரின் பெயரைப் பின்னாளில் தாங்கிய போர்ட் பிளேர், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஹேவ்லாக், நீல், ராஸ் தீவுகள் 2018-இல் புதுப்பெயர் பெற்றன. இவை அரசின் ஏட்டில் ஏறியவை. தேடுவோர்க்கு என்றும் கிட்டும்.

ஏட்டில் ஏறாத பெயர்களின் நிலையோ வேறு. 2010-இல் போவா என்னும் முதுமகள் மறைந்தபோது, போ மொழியைப் பேசுவோர் எவரும் எஞ்சவில்லை. காட்டுக்கும் கழிக்கும் அம்மொழி வைத்திருந்த பெயர்களைச் சொல்லும் நாவும் அன்றோடு ஓய்ந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை டிரிங்கெட் தீவைப் பிளந்தது. அங்கு வாழ்ந்தோர் கமோர்ட்டாவுக்குப் பெயர்ந்தனர். மக்கள் பெயர்ந்த மண்ணில் சிறு துறைகளின் பெயரை யார் அழைப்பர்?

இக்கேள்வி நம்மையும் சாரும். 1964-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையின் வழித் தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் அமர்ந்த தமிழ்க் குடும்பங்களையும் அப்பேரலை விட்டுவைக்கவில்லை. தோட்டத்து வரிசைக்கும் ஊற்றுக்கும் கோயில் மேட்டுக்கும் அவர்கள் இட்டு வழங்கிய பெயர்கள் எந்த வரைபடத்தில் உள்ளன?

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, முதன்முதல் குடிசை போட்ட இடம், தண்ணீர் மொண்ட ஓடை, படகு அணைந்த துறை ஆகியவற்றை அவர்கள் எவ்வாறு அழைத்தனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். அயலில் வாழும் நிக்கோபாரியப் பெரியோர் அதே இடத்திற்கு வழங்கும் பெயரையும் பணிவோடு கேட்டு, அதனை முதலில் எழுதுங்கள். அது நம் பெயரினும் மூத்தது.

இங்கே பிறந்த நம் மக்களிடம் சொந்த ஊர் எது என வினவினால், பாட்டனார் ஊரைச் சொல்வதா, பிறந்த தீவைச் சொல்வதா எனத் தயங்குகின்றனர். இரண்டையும் தயங்காது சொல்ல அவர்களுக்கு ஒரு குறிப்பேடு போதும்.