வேளாங்கண்ணி லாட்ஜ் வைஃபையில் உங்கள் திரையை யாராவது பார்க்க முடியுமா?

ஆகஸ்ட் 29-ல் கொடியேறிவிட்டால் வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. செப்டம்பர் 8 வரை லாட்ஜ்கள் நிரம்பி வழியும். அப்படிக் கிடைத்த அறையில் உட்கார்ந்து, லாட்ஜ் வைஃபையில் லேப்டாப்பை இணைத்து ரிட்டர்ன் டிக்கெட் போடும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். 'இதே வைஃபையில் இத்தனை பேர் இருக்கிறார்களே, பக்கத்து அறைக்காரர் என் திரையைப் பார்த்துவிடுவாரா?'

ஒரே வைஃபையில் இருப்பதால் மட்டும் யாரும் உங்கள் திரையைப் பார்த்துவிட முடியாது. உங்கள் கணினிக்கும் இணையதளத்துக்கும் இடையே போய்வரும் தகவல்தான் அந்த வைஃபை வழியாகப் போகிறது. வங்கி, ரயில் முன்பதிவு போன்ற தளங்களில் அதுவும் பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்' என்று இருப்பது அந்தப் பூட்டைத்தான் குறிக்கிறது. ரூட்டரை வைத்திருப்பவர் நினைத்தால், நீங்கள் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். உள்ளே என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் மட்டும் மூடிவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள்.

திரையையே பார்க்க வேண்டுமானால், உங்கள் கணினிக்குள் அதற்கென ஒரு மென்பொருள் இருந்தாக வேண்டும். அதை உள்ளே வைத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பிரவுசிங் சென்டர் என்றால் வைத்தது உரிமையாளராக இருக்கலாம். அங்கே பயன்படும் நிர்வாக மென்பொருள்கள் பலவற்றில், கல்லாவில் இருந்தபடியே வாடிக்கையாளரின் திரையைப் பார்க்கும் வசதி உண்டு. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகளோ, தடுப்பு இல்லாத இடங்களில் திரை வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. அங்கே ரகசியம் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை! பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 'வேயான்' போன்ற இலவச மென்பொருள் மூலம் ஆசிரியர் எல்லா மாணவர்களின் திரையையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பும் இந்த ரகம்தான். அதை வீட்டுக்கு எடுத்துவந்து வீட்டு வைஃபையில் போட்டாலும் அலுவலகத்தின் கண் கூடவே வரும்.

நாமே திறந்துவிடும் கதவு

பலர் பணத்தை இழப்பது இப்படித்தான். அறை முன்பதிவை ரத்து செய்ய கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடுகிறார்கள். மேலே வரும் எண் போலி. "சார், ரீஃபண்ட் போடணும், ஒரு சின்ன ஆப் மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க" என்கிறது மறுமுனை. எனிடெஸ்க் போன்ற அந்த ஆப் முறையானதுதான். தூரத்தில் இருந்து கணினியைப் பழுதுபார்க்க உருவாக்கப்பட்டது. அதில் தோன்றும் எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், அவர் உங்கள் திரையின் முன்னால் உட்கார்ந்த மாதிரி. சில வங்கி ஆப்கள் திரைப் பகிர்வில் கறுப்பாகிவிடும். ஆனால் மேலே எட்டிப்பார்க்கும் ஓ.டி.பி. நோட்டிஃபிகேஷன் தெரியுமே!

ரிசர்வ் வங்கி இந்த மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. புனிதத் தலங்களுக்குச் செல்பவர்களைக் குறிவைக்கும் போலி முன்பதிவுத் தளங்கள் பற்றி, மத்திய உள்துறையின் 'ஐ4சி' அமைப்பு 2025 ஏப்ரலில் எச்சரித்தது.

ஐந்து ஆண்டுகள்

நமக்குத் தெரியாமலேயே மென்பொருள் நுழைவது இன்னொரு வகை. இதில் தமிழர் ஒருவரின் பெயரும் அடிபட்டது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடியினரிடையே பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார் ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையில் 2021 ஜூலை 5-ல், 84 வயதில் இறந்தார்.

குற்றம்சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதால், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் அவருடைய கணினியின் பதிவுகளை ஆராய்ந்தது. 2014-லிருந்து 2019 ஜூனில் போலீஸார் பறிமுதல் செய்யும்வரை 'நெட்வயர்' என்ற ஊடுருவல் மென்பொருள் அதில் இருந்தது, கோப்புகளும் வெளியிலிருந்து வைக்கப்பட்டன என்பது 2022 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கை. செய்தது யார் என்று அது சொல்லவில்லை. இந்த வழக்கில் ஆர்சனல் சொன்ன முடிவுகளை என்.ஐ.ஏ. ஏற்கவும் இல்லை. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் அது நுழைந்தது, மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததால் என்கிறது ஆர்சனல். நெட்வயர் இணையத்தில் வெளிப்படையாக விற்கப்பட்ட சரக்கு. விற்ற தளத்தை அமெரிக்க அதிகாரிகள் 2023 மார்ச்சில் முடக்கினார்கள்.

உங்கள் கணினியில்?

விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலைப் பாருங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நீங்கள் போடாமல் இருந்தால் நீக்குங்கள். 'சிஸ்டம்' பகுதியில் 'ரிமோட் டெஸ்க்டாப்' அணைந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதி எந்த ஆப்களுக்கு இருக்கிறது என்று பாருங்கள். நெட்வயர் மாதிரியானவை இந்தப் பட்டியல்களில் தலைகாட்டாது. அதற்கு அப்டேட் செய்த ஆன்ட்டி வைரஸ் தேவை. அதற்கும் முன்னால், தெரியாத இணைப்பைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

அனுமதியின்றி இப்படி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின் கீழ் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

திரையில் கர்சர் தானாக நகர்ந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். போன் என்றால் ஏரோப்ளேன் மோட். பிறகு வேறொரு போனில் இருந்து வங்கிக்கும், 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கும் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் புகார் போனால், அதை முடக்கிவைக்க வாய்ப்பிருக்கிறது.