டெலிகாலர் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் முன்...



குழுக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு அம்மாக்கள் மெதுவாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கோயமுத்தூர்ல டெலிகாலர் வேலைக்குக் கூப்பிடறாங்க. ஃபேன் காத்துல உட்கார்ந்த இடத்துல வேலையாம். மழையில நனைய வேண்டாம், அட்டைக்கடி கிடையாது. பாப்பாவை அனுப்பலாமாங்க?" வால்பாறை முடீஸ், சோலையாறு பக்கம் என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். அனுப்பலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் முடிவை நீங்களும் பிள்ளையும் சேர்ந்தே எடுத்துவிடுவீர்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கால் சென்டரில் இரண்டு வகை வேலை உண்டு. கேஸ் பதிவு செய்ய, கரண்ட் இல்லையென்று சொல்ல நாம் கூப்பிடுகிறோம் அல்லவா, அந்தப் போனை எடுத்துப் பதில் சொல்வது ஒரு வகை. இன்னொன்று, அவர்களாகவே நம்மைக் கூப்பிட்டு விற்பது. லோன், கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ், வீட்டுமனை, ஆன்லைன் கோச்சிங் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆள் தேவை என்ற நோட்டீஸில் இரண்டுக்கும் 'கஸ்டமர் சப்போர்ட்' என்றே போட்டிருப்பார்கள். நாம் இங்கே பேசுவது விற்கும் வேலையைப் பற்றி. நெருக்கடி அதிகம் இருப்பது அதில்தான்.

காலையில் போய் உட்கார்ந்து தலையில் ஹெட்செட்டை மாட்டி, கம்ப்யூட்டரில் 'லாக் இன்' செய்ததும் கணக்கு தொடங்கிவிடும். பல இடங்களில் நம்பரைப் பிள்ளை அழுத்துவதில்லை. டயலர் என்ற சாப்ட்வேர் தானாகவே ஒன்று முடிந்ததும் அடுத்த நம்பருக்குப் போட்டுவிடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் போகும். பாதிப் பேர் எடுக்கவே மாட்டார்கள். எடுப்பவர்களில் பெரும்பாலோர் "வேண்டாம்" என்று வைத்துவிடுவார்கள், சிலர் திட்டுவார்கள். என்ன பேச வேண்டும் என்பது அச்சடித்த தாளில் இருக்கும், அதற்கு ஸ்கிரிப்ட் என்று பேர். 'வேண்டாம்' என்றால் என்ன சொல்வது, 'வீட்டுக்காரரைக் கேட்கணும்' என்றால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதி வைத்திருப்பார்கள். எத்தனை நிமிஷம் பேசினாள், எத்தனை நிமிஷம் சும்மா இருந்தாள், பாத்ரூமுக்குப் போய் எவ்வளவு நேரத்தில் வந்தாள் என்று திரையில் பதிவாகும். பேச்சும் ரிக்கார்டு ஆகும். டீம் லீடர் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

டார்கெட் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் தினமும் பார்ப்பதுதான். இத்தனை கிலோ எடுக்க வேண்டும், அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்குத் தனிக்காசு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கொழுந்து குறைந்தால் செடியில் இலை இல்லை என்பது கங்காணிக்கும் தெரியும், பக்கத்து வரிசைக்காரிக்கும் தெரியும். சோலையாறு பக்கம் மழை அடித்து ஊற்றுகிற ஆடி மாசத்தில் உங்களை யாரும் வெயில் கால அளவோடு ஒப்பிட்டு நிற்க வைப்பதில்லை. கால் சென்டரில் நம்பர் பட்டியல் பழசாக இருந்தாலும், போன வாரம் வேறொரு பெண் கூப்பிட்டுத் திட்டு வாங்கிய அதே நம்பர்களாக இருந்தாலும், விற்காத குற்றம் பிள்ளையின் பேச்சு மேல்தான் விழும். "உனக்குப் பேசத் தெரியல", "உனக்கு ஆர்வம் இல்ல" என்பார்கள். மாசக் கடைசியில் பேர் எழுதிய போர்டில் கடைசி இடத்தில் இருப்பவளை எல்லார் முன்னாலும் நிற்க வைக்கும் ஆபீஸ்களும் உண்டு. இருபது வயதுப் பிள்ளை அதை நம்பிவிடுகிறாள். எங்களுக்கு இந்த வேலையில் மிகவும் கவலை தருவது இதுதான்.

உடம்பு அலுப்பு வேறு, இந்த அலுப்பு வேறு. எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் குரலில் சிரிப்பு குறையக்கூடாது என்பது விதி. 1983-இல் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியை, விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். மனசில் இருப்பதை அடக்கி, சம்பளத்துக்காக வேறொரு முகத்தைக் காட்டுவதும் ஒரு உழைப்புதான், அதற்கும் தேய்மானம் உண்டு என்று அவர் காட்டினார். லீவுக்கு வரும் பிள்ளை பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டால் "டவுனுக்குப் போனதும் திமிராயிடுச்சு" என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கப் பேசியவளுக்கு வீட்டில் பேச வார்த்தை மிஞ்சுவதில்லை. தொண்டை கட்டுவது, காது வலி, தூக்கத்திலும் "வணக்கம் சார்" என்று சொல்வது எல்லாம் அம்மாக்களே எங்களிடம் சொன்னவை.

ஆண்கள் ஆபாசமாகப் பேசுவதும் நடக்கிறது. பிள்ளைகள் இதை வீட்டில் சொல்வதில்லை, சொன்னால் வேலையை விடச் சொல்லிவிடுவோம் என்ற பயம். 2013-ஆம் ஆண்டு வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். டீம் லீடரின் நடத்தைக்கு மட்டும் அல்ல, வேலை காரணமாகத் தொடர்புக்கு வரும் வெளி ஆட்களிடமிருந்து பாதுகாப்புக் கொடுப்பதும் நிர்வாகத்தின் கடமை. அப்படிப் பேசுகிறவன் நம்பரைத் தடுத்து வைக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. 'கட் பண்ணக்கூடாது' என்று சொல்லும் ஆபீஸ், பிள்ளையை விட அந்த நம்பரைப் பெரிதாக நினைக்கும் ஆபீஸ்.

இனி பணத்துக்கு வருவோம். நோட்டீஸில் போடும் தொகை பெரும்பாலும் சம்பளமும் இன்சென்டிவும் சேர்ந்தது. டார்கெட் முடித்தால்தான் இன்சென்டிவ். ஆகவே "எதையுமே விற்காவிட்டால் மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அதில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக என்ன மிஞ்சும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். நம் குழுவில் கணக்கு எழுதத் தெரியாதவர் யார்? பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, பாதியில் நின்றால் பிடித்தம் உண்டா, வேலையில் சேர்த்ததற்கு ஆர்டர் தாள் தருவார்களா என்பதும் தெரிய வேண்டும். 20 பேர் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. வரும் (மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு). இ.எஸ்.ஐ.க்குப் பிள்ளை சம்பளத்தில் பிடிப்பது நூற்றுக்கு 75 பைசாதான். 'பிடித்தம் இல்லாம முழுச் சம்பளம் தர்றோம்' என்று சொன்னால் அது சலுகை இல்லை.

வேலைக்கு முன்பணம், யூனிபார்ம் பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் சீட்டைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். ஒரு பெண்ணின் சர்ட்டிபிகேட்டை வாங்க நாங்கள் மூன்று முறை மலை இறங்கிப் போய் வந்தோம்.

சிம் கார்டு விஷயத்தை மட்டும் நன்றாகக் கவனிக்கச் சொல்கிறோம். விளம்பர அழைப்பு என்றால் பதிவு செய்த கம்பெனி, 140 என்று தொடங்கும் நம்பரிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி. 140 என்று பார்த்தாலே ஜனங்கள் எடுப்பதில்லை என்பதால் சில ஆபீஸ்களில் சாதாரண பத்து இலக்க நம்பரில் கூப்பிடச் சொல்கிறார்கள். அந்த சிம்மைப் பிள்ளையின் ஆதாரில் வாங்கச் சொல்வார்கள். பதிவில்லாமல் இப்படிக் கூப்பிடுபவர்களின் இணைப்புகளைத் துண்டிக்க 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டது. புகார் வந்தால் மாட்டுவது சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள்தான். அதேபோல 'ஆபீஸ் வரவு செலவுக்கு' என்று பிள்ளையின் பேங்க் அக்கவுண்ட்டையோ ஏ.டி.எம். கார்டையோ கேட்டால் அது வேலை கொடுக்கும் இடம் இல்லை, மோசடிக்கு ஆள் பிடிக்கும் இடம். லோன் வாங்கித் தருவதாகச் சொல்லி முதலில் 'புராசஸிங் பீஸ்' கட்டச் சொல்லும்படி ஸ்கிரிப்டில் இருந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும். ஏமாந்தவர் 1930-க்குப் புகார் செய்தால் ரிக்கார்டில் இருக்கும் குரல் நம் பிள்ளையுடையது. முதலாளி முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டு டெலிகாலர் வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இன்னும் ஜாக்கிரதை. 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போன நம் மாநிலத்துப் படித்த பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மர் நாட்டு மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் வேலையை மிரட்டிச் செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் மீட்கப்பட்டு 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போவது கூடாது. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவர்தானா என்று சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம்.

இவ்வளவு சொன்னதும் பயந்துவிடாதீர்கள். இந்த வேலையில் இருந்து முன்னுக்கு வந்த பிள்ளைகளும் நம் பகுதியில் இருக்கிறார்கள். பேச்சுக் கூச்சம் போகிறது, கம்ப்யூட்டர் பழகுகிறது, ஓரளவு இங்கிலீஷ் வருகிறது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்து ஆஸ்பத்திரி ரிசப்ஷன், பேங்க் என்று மாறிப்போனவர்கள் உண்டு. கோயமுத்தூர்க்காரர்களின் 'சொல்லுங்க', 'வாங்க' பேச்சு இந்த வேலைக்கு நன்றாக எடுபடும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். முடிந்தவரை முதலில் கேட்டுப் பதில் சொல்லும் வகை வேலையைத் தேடச் சொல்லுங்கள். தங்கும் ஹாஸ்டல் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று பாருங்கள். இரவு 8 மணிக்கு மேல் வேலை என்றால் பிள்ளையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

இரண்டு மாசத்தில் திரும்பி வந்துவிட்டால்? இந்த வேலையில் ஆட்கள் வருவதும் போவதும் சாதாரணம், அதனால்தான் வருஷம் முழுக்க ஆள் தேவை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒரு குழுவில் மகளை அனுப்ப உள்கடன் வாங்கிய அம்மாவிடம், பிள்ளை திரும்பியதும், "படிச்ச பிள்ளைக்கு இதுகூட முடியலையா" என்று உறுப்பினர்களே கேட்டுவிட்டார்கள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. பிறகு ஊக்குநர் வீட்டுக்கே போய்ப் பேசி, தவணையைச் சின்னதாக்கித் தீர்மானம் எழுதினார்கள். பிள்ளை இப்போது பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். சம்பளம் குறைவுதான், சாப்பாடு இறங்குகிறது என்கிறார் அம்மா.

கடைசியாக ஒன்று. நமக்கும் இந்த அழைப்புகள் வருகின்றன. பேசுவதும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான், திட்ட வேண்டாம். அதற்காகப் பரிதாபப்பட்டு "அப்புறம் கூப்பிடு கண்ணு" என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் அது 'கால் பேக்' என்று பதிவாகி, அவள் மறுபடி மறுபடி உங்களைக் கூப்பிட வேண்டி வரும், விற்காத நேரமும் அவள் கணக்கில் ஏறும். "வேண்டாம்மா" என்று உடனே சொல்லி வைத்துவிடுவதே அவளுக்கு உதவி. அழைப்பே வரக்கூடாது என்றால் 1909-க்குப் போன் செய்யலாம், அல்லது 'ஸ்டார்ட் 0' என்று இங்கிலீஷில் டைப் செய்து அதே 1909-க்கு மெசேஜ் அனுப்பலாம். பேங்க் ஓ.டி.பி. மெசேஜ்கள் இதனால் நிற்காது. பதிவு செய்த பிறகும் வந்தால் 7 நாளைக்குள் அதே நம்பரில் புகார் கொடுக்கலாம். டைப் செய்யத் தெரியாதவர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனை எடுத்து வாருங்கள், அங்கேயே போட்டுத் தருகிறோம்.