‘ஒத்துவர மாட்டீர்கள்’ என்று சொன்னால்...



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் முகம் வாடி எங்களிடம் வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறிய ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் ஐந்து சுற்று நேர்முகத் தேர்வு. சான் ரமோனிலிருந்து டப்ளின் வரை கார், பிறகு பார்ட் ரயில் என்று அலைந்திருக்கிறார். கோடிங் சுற்றுகள் எல்லாம் நன்றாகவே போயின. கடைசியாக நிறுவனர் மதிய உணவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. திறமையில் குறை இல்லை, ‘கல்ச்சர் ஃபிட்’ இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

“அக்கா, அப்படின்னா என்கிட்ட என்னதான் தப்பு?” என்றார்.

எங்கள் வீட்டில் ஒருவர் மென்பொருள் வேலை, ஒருவர் மருத்துவமனையில் நர்ஸ். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

மதிய உணவில் என்ன கேட்டார்கள் என்று தம்பியிடம் விசாரித்தோம். இரண்டு கேள்விகள் அவருக்கு நினைவில் இருந்தன. ஒன்று, வார இறுதியில் என்ன செய்வீர்கள்? தாஹோவில் பனிச்சறுக்கு உண்டா? மற்றது, உங்கள் மேலாளரோடு கருத்து வேறுபட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு, “சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு சபை” என்றாராம். இரண்டாவதற்கு, “அப்படி எதுவும் நடந்ததில்லை, மேலாளர் சொன்னதைச் செய்துவிடுவேன்” என்றாராம்.

எந்தப் பதிலால் வேலை போனது என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே வகைக் கேள்விகள் அல்ல.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘கல்ச்சர் ஃபிட்’ என்பதை நேர்மையாகப் பயன்படுத்தினால் அது வேலை செய்யும் முறையைக் குறிக்கும். தவறு நடந்தால் ஒத்துக்கொள்கிறார்களா, வாடிக்கையாளரை மதிக்கிறார்களா, பொறுப்பு எடுக்கிறார்களா என்பவைதான் அதில் பார்க்க வேண்டியவை. பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில் இது முக்கியம்தான். ஆனால் நடைமுறையில் அது பல நேரம் ‘எங்களைப் போன்ற ஆளா?’ என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. லாரன் ரிவேரா என்ற சமூகவியல் பேராசிரியர் அமெரிக்காவின் பெரிய வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுக்கும் 120 பேரைப் பேட்டி கண்டு 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பொழுதுபோக்கு, அனுபவங்கள், பேசும் விதம் இவற்றில் தங்களைப் போலவே இருப்பவர்களை அவர்கள் விரும்பினார்கள் என்று அது காட்டியது. பனிச்சறுக்குத் தெரியாததால் ஒருவர் மோசமான பொறியாளர் ஆகிவிட மாட்டார். அந்த இடத்தில் தம்பியிடம் தப்பே இல்லை.

கலிஃபோர்னியாவில் சட்டமும் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மதம், இனம், பூர்வீக நாடு, பாலினம், திருமண நிலை போன்றவற்றைக் காரணமாக்கி வேலை மறுக்கக் கூடாது. 40 வயதைத் தாண்டியவரை வயதைக் காட்டி ஒதுக்கவும் கூடாது. பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கும் 2018 முதல் தடை இருக்கிறது. ‘ஒத்துவரவில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் இவற்றில் ஒன்றை ஒளித்து வைத்தாலும் அது சட்ட விரோதம்தான்.

இரண்டாவது கேள்விதான் நம் வீடுகளோடு சம்பந்தப்பட்டது. “பெரியவங்க பேசும்போது எதிர்த்துப் பேசாதே” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. எச்-1பி வேலை போனால் பொதுவாக அதிகபட்சம் 60 நாள்தான். அதனால் வாயைத் திறக்காமல் இருப்பதே புத்தி என்று பழகிவிடுகிறோம். ஆனால், மாற்றுக்கருத்தே சொன்னதில்லை என்பது நேர்முகத் தேர்வில் பணிவாகத் தெரிவதில்லை. பிரச்சினையைக் கண்டாலும் சொல்லமாட்டார் என்றே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அமேசான் தன் தலைமைக் கொள்கைகளில் ஒன்றாகவே இதை எழுதி வைத்திருக்கிறது. உடன்பாடு இல்லாதபோது மரியாதையோடு மறுத்துச் சொல்ல வேண்டும். முடிவு எடுத்தபின் முழு மனதோடு சேர்ந்து உழைக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பாலோ ஆல்டோவில் எலிசபெத் ஹோம்ஸ் 2003-இல் தொடங்கிய தெரனோஸ் நிறுவனம், விரல் நுனியில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்யலாம் என்றது. ஒரு கட்டத்தில் அதன் மதிப்பு 900 கோடி டாலர். எரிக்கா சுங், டைலர் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கல்லூரி முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். தரச் சோதனைகளில் கருவிகள் தவறுவதை இருவரும் கண்டார்கள். டைலர் 2014-இல் ஹோம்ஸுக்கே விவரமாக எழுதினார். அவருடைய தாத்தா ஜார்ஜ் ஷுல்ட்ஸ் அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். அப்படியிருந்தும் டைலருக்குக் கிடைத்தது நிறுவனத்தின் இரண்டாவது தலைவரிடமிருந்து வந்த கடுமையான பதில்தான். அவர் வேலையை விட்டார். எரிக்காவும் விலகி, 2015-இல் ஆய்வகங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறைக்கு எழுதினார். நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஹோம்ஸுக்கு சான் ஹோசே நீதிமன்றம் 2022-இல் 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தது.

நர்ஸ் வேலை செய்பவர்களுக்கு இந்தச் செய்தியில் கண்ணில் படுவது பணம் அல்ல. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் நோயாளிக்கு இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். அந்த எண் தவறினால் ஒரு பக்கம் இரத்தக் கசிவு, மறுபக்கம் பக்கவாதம். தெரனோஸ் ஆய்வகத்தில் அரசு அதிகாரிகள் குறை கண்ட பரிசோதனைகளில் அதுவும் ஒன்று. எல்லாரும் தலையாட்டும் இடத்தில் அதன் விலையை யாரோ ஒரு நோயாளி கொடுக்கிறார்.

அதனால்தான் மருத்துவமனைகளில் மறுத்துச் சொல்வதற்கே எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அமெரிக்க அரசு 2006-இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சியில் மூன்று படிகள் உண்டு. முதலில், “எனக்குக் கவலையாக இருக்கிறது.” அடுத்து, “இதற்கு என் மனம் ஒப்பவில்லை.” கடைசியாக, “இது பாதுகாப்புப் பிரச்சினை.” ஒருமுறை சொல்லிக் காதில் விழவில்லை என்றால் குறைந்தது இரண்டு முறையாவது சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் டாக்டர் வந்தால் எழுந்து நின்று பழகிய எங்களுக்கு, முதல் தடவை அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு நோயாளிக்கு எழுதிய மருந்தின் அளவு கூடுதலாகத் தெரிந்தது. கை நடுங்க டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் திரையை ஒருமுறை பார்த்தார், திருத்தினார், “தேங்க் யூ” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின்தான் அழுகை வந்தது.

தானியேலின் கதையும் இங்கே ஞாபகம் வருகிறது. பாபிலோனில் அவரும் நண்பர்களும் மூன்று வருடப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர்கள். ராஜாவின் உணவு வேண்டாம் என்று அவர் சண்டை போடவில்லை. எங்களுக்குப் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் பத்து நாள் கொடுத்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். மறுப்போடு சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு மாற்று வழியையும் சொன்னார். மேலிருப்பவரின் பயத்தையும் புரிந்துகொண்டார்.

ஆகவே அந்தக் கேள்வி வந்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். விஷயம் என்ன, நீங்கள் கண்டது என்ன, யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், என்ன மாற்று வழி கொடுத்தீர்கள், கடைசியில் முடிவு என்ன ஆயிற்று. உங்கள் கருத்து தோற்ற கதையாக இருந்தாலும் பரவாயில்லை. தோற்ற பிறகும் அந்த வேலையை ஒழுங்காக முடித்தீர்கள் என்றால் அதுவே நல்ல பதில். கல்லூரி புராஜெக்ட், ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டம், கிறிஸ்துமஸ் நாடகம் எதிலிருந்தும் உதாரணம் எடுக்கலாம். பழைய மேலாளரைத் திட்ட மட்டும் வேண்டாம்.

நீங்களும் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “ஊழியர் ஒருவர் மறுத்துச் சொன்னதால் நீங்கள் கடைசியாக மாற்றிக்கொண்ட முடிவு எது?” நல்ல நிறுவனர் கொஞ்சம் யோசித்து ஒரு சம்பவம் சொல்வார். சிரித்து மழுப்பினால் அந்த இடம் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். ஒத்துப்போவதை நீங்களும் சோதிக்கலாம்.

இதை எழுதும்போது எங்களையும் ஒரு கேள்வி குத்தியது. சபையில் புதிதாக வருகிறவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? “எந்த ஊரு? நாசரேத்தா, நாகர்கோவிலா? அப்பா யாரு?” பதிலை வைத்து மனதுக்குள் ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறோம். குழுக்களுக்கு ஆள் தேடும்போதும் தெரிந்த நாலு வீட்டையே சுற்றுகிறோம். ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்டுப் பத்துக் கோத்திரங்களை இழந்தான். நம்மைப் போன்றவர்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நேற்று வந்த பழக்கம் அல்ல. வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கை, “இந்த முறை ரிட்ரீட் கட்டணம் சில குடும்பங்களுக்கு முடியாது” என்று சொன்னால், அவளை வாயாடி என்று ஒதுக்காமல் கேட்போமா? வீட்டில் நம் பிள்ளைகள் மரியாதையோடு மறுத்துப் பேச இடம் கொடுப்போமா? அங்கே பழகாத நாக்கு நேர்முகத் தேர்வில் திடீரென்று எழாது.

தம்பிக்கு அடுத்த வாரம் பிஷப் ராஞ்சில் இன்னொரு நேர்முகத் தேர்வு. வெள்ளி இரவு எங்கள் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தார். கருத்து வேறுபட்ட சமயம் ஒன்றைச் சொல்லச் சொன்னோம். வெகு நேரம் யோசித்துவிட்டு, பாடகர் குழுவில் ஒரு பாட்டின் ஸ்ருதியைக் குறைக்கச் சொன்ன கதையைச் சொன்னார். நல்ல கதை. பனிச்சறுக்கு பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றார். பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவேன் என்றே சொல்லுங்கள் தம்பி என்றோம்.